பன்னிரண்டாவது வழி

ஆராய்ச்சிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக அனுபவத்தை நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று உங்கள் மேலாளர் வீட்டுக்கே வந்து கேட்டார். கொஞ்சம் உற்சாகம் தருகிற மாதிரி இருந்தால் நல்லது என்றும் சொன்னார். உற்சாகத்துக்கு அவர் ஆள் தவறி வந்துவிட்டார். முப்பது வருடம் மருந்துக் கம்பெனிகளில் உழைத்தவனிடம் மிச்சம் இருப்பது முழங்கால் வலியும் கொஞ்சம் ஞாபகமும்தான். ஞாபகத்தைத் தருகிறேன்.

எதை எவ்வளவு நேரம் கொதிக்க வைக்க வேண்டும், எப்போது வடிகட்ட வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை எழுதி உங்களைத் தூங்க வைக்க விருப்பமில்லை. ஒரு காகிதத்துக்குப் பயந்து நான் செய்த தப்பையும், இன்னொரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுச் செய்த தப்பையும் எழுதுகிறேன். இரண்டும் ஒரே மருந்தைப் பற்றியவை. பெயர் வேண்டாம், வலிப்பு நோய்க்கான மாத்திரை என்று தெரிந்தால் போதும்.

எண்பதுகளின் தொடக்கம். பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் அப்போது கட்டடங்களைவிட முந்திரி மரங்கள்தான் அதிகம். எங்கள் கம்பெனிக்கு இரண்டு கொட்டகை, ஒரு கிணறு, அடிக்கடி மக்கர் செய்யும் ஒரு ஜெனரேட்டர். முதலாளி வில்லியனூர்க் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாக மளிகை வியாபாரம் செய்த குடும்பத்துக்காரர். ரசாயனம் தெரியாது, ஆனால் ஆளை ஒரு பார்வையில் எடை போட்டுவிடுவார். நல்ல மனிதர். இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் எழுதப் போவதைப் படித்துவிட்டு நீங்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்ளக்கூடாது. தரக் கட்டுப்பாட்டுக்கும் ஆராய்ச்சிக்கும் சேர்த்து நான் ஒரே அதிகாரி. ஆராய்ச்சிப் பிரிவு என்பது நானும் இன்னொரு கெமிஸ்டும் ஒரு நீள மேசையும்.

எழுபதுகளில் வந்த புதுச் சட்டப்படி மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் செய்கிற வழிக்கு மட்டும்தான், அதுவும் சில வருடங்களுக்கு. பழைய சட்டத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய விடுதலை, மறுக்கவில்லை. ஆனால் வேலி போடத் தெரிந்தவன் எந்தச் சட்டத்துக்குள்ளும் போடுவான். இந்த மாத்திரையைக் கண்டுபிடித்த வெளிநாட்டுக் கம்பெனி அதைச் செய்வதற்குப் பதினொரு வழிகளைத் தன் பேரில் எழுதி வைத்திருந்தது. செய்தது என்னவோ ஒரே வழியில்தான், அதையும் இங்கே செய்யவில்லை. வெளியிலிருந்து கப்பலில் வரவழைத்து, அட்டையில் அடைத்து விற்றார்கள். காட்டேரிக்குப்பத்தில் நடவுக்குப் போகிற ஒரு பெண் பத்து நாள் குனிந்து நட்டாலும் அந்தப் பத்து நாளைக்கான மாத்திரையை வாங்க முடியாது. மீதிப் பத்து வழிகளும் சும்மா பூட்டிக் கிடந்தன.

அதனால் நாங்கள் பன்னிரண்டாவது வழியைத் தேடினோம். இரண்டு வருடம் ஆயிற்று. கிடைத்தபோது நானும் அந்த கெமிஸ்டும் தொழிற்பேட்டை வாசலில் இருந்த டீக்கடைக்குப் போய் ஆளுக்கு இரண்டு வடை தின்றோம். எங்களுக்குத் தெரிந்த கொண்டாட்டம் அவ்வளவுதான்.

அந்த இரண்டு வருடத்தைப் பற்றி இன்று நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஒரு புது மருந்துக்காக நாங்கள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே தெரிந்த ஊருக்கு, ஏற்கெனவே போட்டிருக்கும் ரோட்டில் போகக்கூடாது என்பதற்காக முள்ளுக்காட்டுக்குள் வழி வெட்டிக்கொண்டிருந்தோம். உங்களுக்கும் அந்த வேலையைத்தான் முதலில் கொடுப்பார்கள். அதை ஆராய்ச்சி என்று சொல்வார்கள், நீங்களும் நம்புவீர்கள்.

வழி கிடைத்ததும் அதற்கு நாமே காப்புரிமை கேட்கலாம் என்றேன். முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை.

"அது எப்படி சார்? எழுதிக் குடுத்தா ஆபீஸ்காரன் அத்த அச்சடிச்சு ஊருக்கே காட்டிடுவானே. நம்ம கிட்ட இன்னா மிஞ்சும்?"

"காட்டினாலும் சில வருடத்துக்கு வேறு யாரும் செய்ய முடியாது. இல்லை என்றால், உரிமையே வேண்டாம், ஒரு பத்திரிகையில் எழுதிவிடலாம். எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் அதன்மேல் யாருமே உரிமை கேட்க முடியாது."

"நல்லா கீது உங்க கணக்கு. பாடுபட்டது நாம, படிச்சிட்டுப் பண்றது அடுத்தவனா? எங்க தாத்தா காலத்துலேர்ந்து பாகப்பிரிவினை, கல்யாண ஒப்பந்தம் எல்லாம் நொத்தேர் கிட்டதான் வச்சுகினு வரோம். இதையும் அங்கியே வச்சிடலாம்."

பிரெஞ்சுக்காரர்கள் போய் எத்தனையோ வருடமாகியும் எங்கள் பக்கத்துப் பழைய குடும்பங்களுக்கு, பத்திரம் எழுதிப் பதிந்து வைக்கும் அந்த நொத்தேரின் முத்திரை என்றால் அதற்கு மேல் ஒரு பேச்சு கிடையாது. நிலமோ நகையோ உயிலோ, அவர் கையால் அரக்கு வைத்துவிட்டால் அது கல்வெட்டு. நான் வழியை எட்டுப் பக்கத்தில் எழுதினேன். அதை உறையில் போட்டு, நொத்தேர் அரக்கு வைத்து, தேதி எழுதித் தன் பீரோவில் வைத்துக்கொண்டார். முதலாளி நிம்மதியாகச் சிரித்தார். எனக்கும் பாதி நிம்மதி வந்தது. வாயை மூடிக்கொண்டால் பத்திரம் என்ற நினைப்பு எனக்கும் உள்ளூர இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் வாதாடியிருப்பேன்.

லைசென்ஸ் வாங்கி மாத்திரை செய்ய ஆரம்பித்தோம். நோயாளிகளுக்கு அதை முதலில் எழுதிக் கொடுத்தவர் வில்லியனூர் சுல்தான்பேட்டையில் கிளினிக் வைத்திருந்த ஒரு டாக்டர். அவருடைய அண்ணன்கள் ஜவுளிக்கடை நடத்தினார்கள், கடைக்குப் பக்கத்து அறைதான் கிளினிக். ஒவ்வொரு மாதமும் நான் அங்கே போய், மாத்திரை யாருக்கு எப்படிக் கேட்கிறது என்று குறித்துக்கொண்டு வருவேன். போகும்போதெல்லாம் பால் சேர்க்காத சுலைமானி டீ கிடைக்கும்.

அங்கேதான் செங்கேணியைப் பார்த்தேன். இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது இருக்கும். வலிப்பில் இரண்டு முறை அடுப்பில் விழுந்தவள், இடது கையில் முழங்கை வரைக்கும் தழும்பு. மலிவாகக் கிடைக்கும் பழைய மாத்திரை அவளுக்குத் தூக்கத்தைத் தந்ததே தவிர வலிப்பை நிறுத்தவில்லை. கல்யாணமான மறு வருடமே காட்டேரிக்குப்பத்திலிருந்து அவளைத் தாய் வீட்டுக்கு, சுத்துக்கேணிக்கு, அனுப்பிவிட்டார்கள். எங்கள் மாத்திரையைச் சாப்பிட ஆரம்பித்துப் பத்து மாதம் ஒரு முறைகூட விழவில்லை. புருஷன் ஏழுமலை தானே சைக்கிளில் போய் அவளைத் திரும்பக் கூட்டி வந்தான்.

"செங்கேணி, இவருதாம்மா உன் மாத்திரையைச் செய்யறவரு" என்று டாக்டர் என்னைக் காட்டினார்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பெரிதாக யாரையோ எதிர்பார்த்திருப்பாள் போலிருக்கிறது.

"வலிப்பு நின்னுபோச்சு சார். ஆனா கை நடுங்குது. நாத்து முடியப் புடிச்சா வரிசை கோணிக்கினு போவுது, கூட நடறவளுங்க சிரிக்கிறாளுங்க. அத்த மட்டும் இன்னான்னு பாருங்களேன்."

பார்க்கிறேன் என்றேன். உண்மையாகவே பார்க்க நினைத்தேன். அந்த நடுக்கத்தைக் குறைக்க மருந்தில் எங்கே கை வைக்கலாம் என்று எனக்கும் என் கெமிஸ்டுக்கும் ஒரு யோசனைகூட இருந்தது. ஆனால் அந்த யோசனையின் பக்கம் போனாலே வெளிநாட்டுக் கம்பெனியின் இன்னொரு வேலி வந்து நின்றது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளி வைத்தோம்.

அந்த அடுத்த வருடத்தில்தான் நோட்டீஸ் வந்தது. பதினொரு வழிகளையும் எழுதியிருந்த காப்புரிமையில், கடைசியில் 'இவற்றை ஒத்த எந்த வழியும்' என்று ஒரு வரியைப் பிற்பாடு சேர்த்து வாங்கியிருந்தார்கள். எங்கள் பன்னிரண்டாவது வழி அந்த வரிக்குள் அடங்கும் என்பது அவர்கள் வாதம். வழக்கு முடிகிற வரைக்கும் நாங்கள் அந்த மாத்திரையைச் செய்யவோ விற்கவோ யாருக்கும் தரவோ கூடாது என்று இடைக்காலத் தடையும் வாங்கிவிட்டார்கள்.

முதலாளி நொத்தேர் உறையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு ஓடினார். நானும் கூடப் போனேன். வக்கீல் அரக்கு முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

"சார், இதை யாராவது படிச்சிருக்காங்களா?"

"யாரும் படிக்கக்கூடாதுன்னுதானே அரக்கு வச்சோம்" என்றார் முதலாளி பெருமையாக.

"அதான் சிக்கலே. இதை நீங்க ஒரு பத்திரிகையில அச்சடிச்சிருந்தா நான் கோர்ட்ல நிமிர்ந்து பேசுவேன். ஊருக்குத் தெரிஞ்சதை ஒருத்தன் தன்னோடதுன்னு சொல்ல முடியாது. நீங்க பீரோவுக்குள்ள வச்சிருந்தா அது பீரோவுக்கு மட்டும்தான் தெரியும்."

முதலாளி முகம் செத்துப் போயிற்று. என் முகமும்தான்.

கிளம்பும்போது வக்கீல் என்னிடம் ஒரு விஷயம் கேட்டார். ஒவ்வொரு தடவை மாத்திரை செய்யும்போதும் அதில் கொஞ்சம் எடுத்துத் தேதி எழுதிப் பூட்டி வைப்போம் அல்லவா, கன்ட்ரோல் சாம்பிள், அது இருக்கிறதா என்றார். இருக்கிறது, ஒரு பீரோ நிறைய இருக்கிறது என்றேன்.

"அதுதான் நம்ம சாட்சி. நம்ம மாத்திரையில அவங்க வழியோட அடையாளம் இல்லைன்னு காட்டணும்னா அதுதான் வேணும். ஒரு மாத்திரை குறைஞ்சாலும் சாட்சியைக் கலைச்சதா சொல்லுவாங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

தரக் கட்டுப்பாட்டுக்காரனிடம் இப்படிச் சொன்னால் கேட்க வேண்டுமா? கன்ட்ரோல் சாம்பிளைத் தொடக்கூடாது என்பது எங்களுக்கு ஊறிப்போன பாடம். திரும்பி வந்த அன்றே விற்பனைக் கிடங்கை மூடி, கையிருப்பை எல்லாம் கணக்கெடுத்து சீல் வைத்தேன். சாம்பிள் பீரோவின் சாவியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை டாக்டர் தன் ஸ்கூட்டரில் தொழிற்சாலைக்கே வந்துவிட்டார்.

"இன்னா வேலை பண்ணிட்டீங்க? இது தலைவலி மாத்திரையா, இன்னிக்கு இல்லன்னா நாளைக்குன்னு சொல்றதுக்கு? சடார்னு நிறுத்தினா முன்ன இருந்தத விட மோசமா வரும். கொஞ்சம் கொஞ்சமாதான் குறைக்கணும். ஒரு மாசத்துக்குக் குடுங்க, நான் எல்லாரையும் வேற மாத்திரைக்கு மாத்திடறேன்."

"தரக்கூடாது என்று கோர்ட் சொல்லியிருக்கிறது, டாக்டர்."

"அவங்க மாத்திரையாவது கிடைக்குதா? பாண்டிச்சேரி முழுக்கத் தேடிட்டேன். கப்பல் வரலைன்றான். நம்மளையும் நிறுத்திட்டான், அவன்கிட்டயும் இல்ல. அப்ப இவங்க எல்லாம் இன்னா பண்றது?"

வக்கீலைக் கேட்கிறேன் என்றேன். டிரங்க் கால் போட்டுக் கேட்டோம். மனு ஒன்று போட்டுப் பார்க்கலாம், இரண்டு வாரம் ஆகும், அதுவரைக்கும் எதையும் தொடாதீர்கள் என்றார். அவர் வேலைக்கு அது சரியான பதில். டாக்டர் முடிந்தவர்களைப் பழைய மாத்திரைக்கு மாற்றினார். பெரும்பாலானவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். அந்த மாத்திரை கேட்காதவள் செங்கேணி ஒருத்திதான்.

நாலாம் நாள் மத்தியானம் ஏழுமலை வந்தான். காட்டேரிக்குப்பத்திலிருந்து வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவன், என் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"சார், நேத்து ரெண்டு வாட்டி வந்துடுச்சு சார். இன்னிக்குக் காலைல ஒரு வாட்டி. டாக்டரு உங்களாண்ட போய்க் கேட்டுப்பாருன்னாரு."

"மாத்திரை தரக்கூடாது என்று தடை போட்டிருக்கிறார்கள், ஏழுமலை. என் கையில் ஒன்றும் இல்லை."

என் முதுகுக்குப் பின்னால்தான் சாம்பிள் பீரோ. அதற்குக் கண்ணாடிக் கதவு. ஒவ்வொரு தட்டிலும் வெள்ளை டப்பாக்கள் வரிசையாக, எங்கள் கம்பெனி லேபிளோடு. அவனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மாதக்கணக்கில் வீட்டில் பார்த்த லேபிள் அது.

"அதானே சார் அது? நீலக் கோடு போட்டது?"

"அது விற்கிறதுக்கு இல்லை. கோர்ட்டுக்குக் காட்ட வைத்திருப்பது. சாட்சி."

"சாட்சியா? எதுக்கு சார் மாத்திரை சாட்சி சொல்லுது?"

எதை நான் அவனுக்கு விளக்க முடியும்? பதினொரு வழி, பன்னிரண்டாவது வழி, ஒத்த வழி. நான் ஏதோ சொன்னேன். அவன் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டான்.

"பத்தே பத்து குடுங்க சார். நாளைக்கி ரெட்டியார் நெலத்துல நடவு. போவாதடீன்னா கேக்க மாட்டேன்றா. வூட்ல குந்தினா மறுபடி ஆயி வூட்டுக்கு அனுப்பிடுவோம்னு பயப்படறா. நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன் சார்."

சாவி என் சட்டைப்பையில் இருந்தது. கையை உயர்த்தினால் போதும். நான் அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று பல வருடமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். சிறைக்குப் போவேன் என்று பயந்தேனா? கொஞ்சம். முதலாளியின் வழக்கு என்னால் கெட்டுவிடும் என்று பயந்தேனா? அது நிறைய. ஆனால் எல்லாவற்றையும்விட, சாம்பிளில் பத்து குறைந்தால் என் பதிவேடு சரியாக இருக்காதே என்ற நினைப்புதான் முதலில் வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். இரண்டு வாரம் பொறுத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினேன். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் செங்கேணி நடவு வரிசையில் முகம் குப்புற விழுந்தாள். கணுக்கால் அளவு தண்ணீர்தான். பக்கத்திலிருந்த பெண்கள் உடனே தூக்கிவிட்டார்கள். ஆனால் வலிப்பு நிற்கவில்லை. ஒன்று முடிவதற்குள் அடுத்தது. வண்டி பிடித்து, பஸ் பிடித்து, ஊர் மாற்றி ஊர் டவுனுக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இரண்டாம் நாள் இறந்து போனாள்.

டாக்டர் எனக்குப் போனில் சொன்னார். திட்டவில்லை. "செங்கேணி போயிட்டா" என்றார், வைத்துவிட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

நான் பீரோவைத் திறந்தேன். இருந்த டப்பாக்கள் அத்தனையையும் ஒரு சாக்கில் போட்டு, முதலாளியிடம் சொல்லாமல், பட்டப்பகலில் சைக்கிள் கேரியரில் கட்டி சுல்தான்பேட்டைக்குக் கொண்டுபோய் டாக்டர் மேசைமேல் வைத்தேன். மற்றவர்களுக்குக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அன்று டீ வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் பயந்துகொண்டே போனேன். இன்று கேட்பார்கள், இன்று பீரோவைத் திறக்கச் சொல்வார்கள் என்று. யாரும் கேட்கவில்லை. வழக்கு தள்ளிக்கொண்டே போயிற்று. அதற்குள் அவர்களுடைய காப்புரிமைக் காலமே முடிந்து, இனி விசாரிக்க ஒன்றுமில்லை என்று வழக்கை மூடிவிட்டார்கள். எங்கள் வக்கீலே அந்தச் சாம்பிள்களைப் பற்றி மறந்து போயிருந்தார். அன்று பத்து மாத்திரை கொடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும் கொடுத்திருக்க வேண்டும்.

ஏழுமலை பிறகு சேதராப்பட்டிலேயே வேறொரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலைக்குச் சேர்ந்தான். பஸ் ஸ்டாப்பில் பார்க்கும்போதெல்லாம் "வணக்கம் சார்" என்பான். நான் சில நாள் அடுத்த ஸ்டாப் வரைக்கும் நடந்துபோய் பஸ் ஏறியிருக்கிறேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் வெளிநாட்டுக் கம்பெனியைத் திட்டிவிட்டு நானும் நிம்மதியாக இருந்திருப்பேன், நீங்களும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பீர்கள். அப்படி முடியவில்லை.

தடை நீங்கியதும் மறுபடியும் மாத்திரை செய்தோம். நான் அந்தப் பன்னிரண்டாவது வழியை இன்னும் சீராக்கினேன். பாதி நேரத்தில் வேலை முடியும், கழிவும் குறைவு. முதலாளி இந்தத் தடவை நொத்தேரிடம் போகவில்லை. பட்ட பாடு போதாதா, நேராகக் காப்புரிமை அலுவலகத்துக்குப் போனார். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயர். சான்றிதழைச் சட்டம் போட்டு என் அறையில் மாட்டினார்கள். பெருமையாகத்தான் இருந்தது. சாம்பிள் பீரோவுக்கு நேர் எதிர்ச்சுவர் அது. நான் அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொள்வேன்.

இரண்டு வருடம் கழித்து முதலாளி ஒரு தகவலோடு வந்தார். வேறொரு மாவட்டத்தில் ஒரு சின்னத் தொழிற்சாலை, எங்களைப் போல இரண்டு கொட்டகைதான் இருக்கும், எங்கள் வழியிலேயே இந்த மாத்திரையைச் செய்து ஒரு தரும ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிறார்களாம். எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டும், கண்டுபிடித்தவர் என்ற முறையில் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

நான் இரண்டு நாள் போடவில்லை. முதலாளி என் வீட்டுக்கே வந்தார்.

"சார், உங்க மனசு எனக்குத் தெரியும். நம்மளுக்கும் அறுபது குடும்பம் கீது. அவன் பண்ணா அடுத்தவனும் பண்ணுவான். அப்புறம் நாளைக்கி நம்ம ஆளுங்க சோத்துக்கு இன்னா பண்ணுவாங்க?"

அவர் சொன்னதிலும் பொய் இல்லை. நான் ஒரு நிபந்தனை போட்டேன். இப்போது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும் மூன்று மாதம் கொடுத்துக்கொள்ளலாம், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். வக்கீல் முகம் சுளித்ததாகக் கேள்விப்பட்டேன். ஆனால் தட்டச்சு செய்து வந்த கடிதத்தில் இரண்டாம் பக்கத்தின் கீழே அந்த வரி இருந்தது. இரண்டு முறை படித்தேன். மூன்றாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். என் வேலைக்காலத்தில் நான் உருப்படியாக எழுதிய ஒரே வரி அதுதான் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஓய்வு பெற்ற மாதம் கோப்புகளை ஒப்படைத்துக்கொண்டிருந்தபோது, அந்த எச்சரிக்கைக் கடிதக் கோப்பில் எனக்குத் தெரியாத ஒரு பதில் கடிதம் இருந்தது. அந்தச் சின்னத் தொழிற்சாலையில் கெமிஸ்டாக இருந்த ஒரு பெண் தமிழில் கைப்பட எழுதியது. தயாரிப்பை நிறுத்திவிட்டோம், சட்டத்தோடு மோத எங்களிடம் தெம்பில்லை என்று எழுதிவிட்டு, ஒரே ஒரு வேண்டுகோள் வைத்திருந்தார். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நோயாளிகளுக்கு ஆபத்து, ஒரு மாதம் மட்டுமாவது கொடுக்க அனுமதியுங்கள், நீங்களும் ஒரு கெமிஸ்ட், உங்களுக்குத் தெரியாதது இல்லை.

மூன்று மாதம் கொடுக்கலாம் என்று நான்தான் எழுதியிருக்கிறேனே, இவர் ஏன் ஒரு மாதம் கேட்கிறார்? எங்கள் கடிதத்தின் நகலைப் புரட்டினேன். இரண்டாம் பக்கத்தை வேறு தாளில் மறுபடி தட்டச்சு செய்திருந்தார்கள். அந்த வரி இல்லை. மூன்றாம் பக்கத்தில் என் கையெழுத்து அப்படியே இருந்தது.

முதலாளியிடம் போய்க் கேட்டேன். அவர் மறைக்கவெல்லாம் இல்லை.

"ஆமா சார், வக்கீல் எடுத்துட்டாரு. அனுமதி குடுத்த மாதிரி ஆயிடும்னாரு. உங்களாண்ட சொல்லலியா அவரு?"

ஆய்வுக் குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே கையெழுத்தும் தேதியும் போட வேண்டும் என்று உங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். முப்பது வருடம் நான் ஒரு பக்கம் விடாமல் போட்டவன், போடாத பிள்ளைகளைக் கடிந்துகொண்டவன். உப்புக்கும் தூளுக்கும் காட்டிய அந்தக் கவனத்தை இந்தக் கடிதத்துக்குக் காட்டவில்லை. உங்களுக்கு அறிவுரை என்று நான் சொல்ல வேறு ஒன்றுமில்லை. கையெழுத்துப் போடாமலே காலம் தள்ள உங்களால் முடியாது, என்னாலும் முடியவில்லை. போடுகிறபோது எல்லாப் பக்கத்திலும் போடுங்கள், எது போய்ச் சேர்ந்தது என்று கடைசி வரைக்கும் பாருங்கள்.

அந்தப் பெண்ணின் கடிதம் என் கைக்குக் கிடைத்தபோது அது வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அன்று மாலையே அவருக்கு ஒரு பதில் எழுதினேன். பெறுபவர் இல்லை என்று தபாலில் திரும்பி வந்துவிட்டது. அந்த மாவட்டத்தில் யார் யாருக்கு மாத்திரை பாதியில் நின்றது, அவர்கள் பிழைத்தார்களா என்று எனக்குத் தெரியாது. செங்கேணிக்காவது ஒரு பெயர் இருக்கிறது, எனக்கு அழத் தோன்றினால் சொல்லி அழலாம்.